பட்டம் ஏன் இழுக்கிறது? லேண்ட்போர்டில் ஏறும் முன் ஒரு விளக்கம்

கொடைக்கானல் மலையில் மன்னவனூரைத் தாண்டிக் கவுஞ்சி போகும் வழியில், உருளைக்கிழங்கு எடுத்தபின் தரிசாகக் கிடக்கும் அகலமான நிலம் ஒன்றில், உரிமையாளரின் அனுமதியோடு நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பட்டம் விடுகிறோம். மூன்று சதுர மீட்டர் துணி, நான்கு நூல், இரண்டு கைப்பிடி, பக்கத்தில் லேண்ட்போர்டு எனப்படும், நான்கு சக்கரம் பூட்டிய ஒரு பலகை: இவ்வளவுதான் சரக்கு. முதல் நாள் ஆடு மேய்க்க வந்த பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, இது ஆளைத் தூக்கிக்கிட்டுப் போயிராதா?” என்று கேட்டார். அடுத்த வாரம் காரை நிறுத்திவிட்டு வந்த ஒரு குடும்பத்தார், பாராகிளைடிங் ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு என்று விசாரித்தார்கள். சென்னையில் இருந்து விடுமுறைக்கு வந்த என் அக்கா மகனுக்கோ சந்தேகமே எழவில்லை. “மாமா, நான் மொட்டை மாடியில எத்தனை டீல் போட்டவன், இதெல்லாம் எனக்கு ஒரு மேட்டரா?” என்றான். டீல் என்று அவன் சொன்னது பட்டச் சண்டையை.

பெரியவரின் அச்சம், பயணிகளின் குழப்பம், மருமகனின் துணிச்சல் ஆகிய மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. காற்று பட்டத்தைத் தள்ளுகிறது, பட்டம் மனிதனை இழுக்கிறது, ஆகவே காற்று எவ்வளவோ இழுவையும் அவ்வளவு என்று மூவரும் நினைத்திருந்தார்கள். இந்த விளையாட்டைப் பற்றிய பேச்சில் நான் கேட்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரு நினைப்பில்தான் தொடங்குகின்றன. உண்மையில் ஒரே காற்றில், ஒரே பட்டம், அது வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் நிற்கிறதா பாய்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு குடம் தண்ணீர் அளவுக்கும் இழுக்கும், ஒரு சிப்பம் அரிசிக்கு மேலும் இழுக்கும். அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பவர் கைட் எனப்படும் இதை இங்கே இழுவைப் பட்டம் என்றே அழைக்கிறேன். நம் வீட்டுப் பட்டத்தில் இருப்பது போன்ற மூங்கில் குச்சி இதில் கிடையாது. மெல்லிய நைலான் துணியை மேலடுக்கு, கீழடுக்கு என இரண்டாக வைத்து, இடையில் குறுக்குத் துணிகளைத் தைத்து, வரிசையாகச் சிறு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். அறைகளின் வாய் முன்விளிம்பில் திறந்திருக்கும், பின்விளிம்பு மூடியிருக்கும். கொடியில் காயப்போட்ட தலையணை உறையின் வாய் காற்றுப் பக்கமாகத் திரும்பிவிட்டால் அது தானாக உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இந்த அறைகளுக்குள் புகும் காற்று, வெறும் துணியை விமானச் சிறகின் வடிவத்துக்கு விறைப்பாக்குகிறது. இந்த அமைப்பை 1964-இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் டொமினா ஜால்பர்ட். இன்றைய பாராகிளைடரும் இதே குடும்பம்தான் என்பதால், காரில் வந்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. ஆனால் பாராகிளைடர் ஓர் ஆள் தொங்கிப் பறப்பதற்காக இருபது முப்பது சதுர மீட்டரில் செய்யப்படுவது. இழுவைப் பட்டம் தரையில் நிற்கும் ஆளைப் பக்கவாட்டில் இழுப்பதற்கான கருவி. அதை மாட்டிக்கொண்டு சரிவில் இருந்து குதிப்பவர் பாராகிளைடிங் செய்யவில்லை, தற்கொலைக்கு முயல்கிறார்.

பட்டத்தால் வண்டி இழுக்கும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் 1826-லேயே பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். குதிரைகளை எண்ணிச் சுங்கம் வாங்கிய அக்காலச் சாவடிகளில், குதிரையே இல்லாத இந்த வண்டி காசு கொடுக்காமல் கடந்து போனதாகச் சொல்வார்கள். சாமுவேல் கோடி 1903-இல் பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். நியூசிலாந்தின் பீட்டர் லின் 1990 வாக்கில் மூன்று சக்கரப் பட்ட வண்டியைப் பரவலாக்கினார். அதே பத்தாண்டில் மலைச்சரிவில் உருட்டுவதற்காக வந்த சக்கரப் பலகையில் சிலர் பட்டத்தோடு ஏறி நின்றார்கள். அதுவே கைட் லேண்ட்போர்டிங். லேண்ட்போர்டு என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் பலகை. காற்றடைத்த நான்கு சிறு டயர்களும் பாதங்களைச் செருகிக்கொள்ளப் பட்டைகளும் அதில் இருக்கும். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்பும்.

தள்ளுவது வேறு, பறப்பது வேறு

பழனியில் இறங்கி உடுமலைப்பேட்டை, தாராபுரம் பக்கம் போனவர்கள் காற்றாலைகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. அடுத்த முறை ஒன்றை நின்று கவனியுங்கள். காற்று முன்னாலிருந்து நேராக வருகிறது. தள்ளுவது மட்டுமே காற்றின் வேலை என்றால் இறக்கை பின்பக்கமாக வளைய வேண்டுமே தவிரச் சுழல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இறக்கையோ காற்றுக்குக் குறுக்கே ஓடுகிறது. அதன் நுனி, வீசும் காற்றைவிடப் பல மடங்கு வேகத்தில் போகிறது. காற்றை எதிர்த்து நிற்கும் பலகையால் இது முடியாது, காற்றைத் திசைதிருப்பும் சிறகால்தான் முடியும்.

ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சிறுவயதில் திட்டு வாங்காதவர் யார்? உள்ளங்கையைக் காற்றுக்கு எதிரே விரித்தால் கை பின்னால் தள்ளப்படும். அதே கையைத் தட்டையாக்கி, முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் கை சட்டென்று மேலே எழும்பும். காற்றைக் கை கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, அதற்கு எதிர்வினையாகக் காற்று கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. சிறகின் மீது காற்றோட்டத்துக்குச் செங்குத்தாகச் செயல்படும் இந்த விசைக்கு உயர்த்து விசை என்று பெயர். பெயரைக் கேட்டு எப்போதும் வானை நோக்கியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சிறகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக அது இழுக்கும். காற்றாலையின் இறக்கையில் அது சுழற்சியாகிறது, நம் பட்டத்தில் நூல் வழியாகக் கைக்கு வருகிறது.

மழையில் திருப்பிக்கொண்ட குடை காற்றால் தள்ளப்படுவது, இழுவைப் பட்டம் காற்றில் பறப்பது. இந்த வேறுபாடு மனத்தில் நின்றால் போதும். மீதி எல்லாம் இதிலிருந்தே வருகிறது.

உணர்காற்று

காற்றே இல்லாத நாளில் இருசக்கர வண்டியில் போனாலும் முகத்தில் காற்று அடிக்கிறது. அந்தக் காற்றை நம் வேகம் உண்டாக்குகிறது. நகரும் பொருள் ஒன்று தன்மீது மோதுவதாக உணரும் காற்றை உணர்காற்று என்று சொல்லலாம். வீசும் காற்றும் பொருளின் சொந்த வேகமும் சேர்ந்ததே அது. பட்டத்துக்குத் தெரிவது உணர்காற்று மட்டுமே. தரையில் நிற்கும் நமக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றாகத் தெரிவது, குறுக்கே பாய்ந்துகொண்டிருக்கும் பட்டத்துக்கு 60 கிலோமீட்டர் காற்றாக இருக்கலாம்.

இங்கே ஒரு கணக்கு தேவைப்படுகிறது. சிறகின் விசை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. எங்கள் மூன்று சதுர மீட்டர் பட்டம் 20 கிலோமீட்டர் காற்றில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்போது மூன்று நான்கு கிலோ எடையைத் தூக்கிப் பிடித்திருப்பது போன்ற இழுவையையே தரும். ஒரு சின்னக் குடம் தண்ணீர், அவ்வளவுதான். அதே பட்டம் அதே காற்றில் குறுக்கே பாய்ந்து உணர்காற்றை மூன்று மடங்காக்கிக்கொண்டால் இழுவை முப்பது கிலோவைத் தாண்டும். காற்று மாறவில்லை, பட்டமும் மாறவில்லை. கைப்பிடியைச் சற்றுத் திருப்பியது மட்டுமே வேறுபாடு.

காற்றாலை இறக்கையின் நுனிக்குச் சமமாக ஒரு பட்டத்தை இப்படிக் குறுக்கே பறக்கவிட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று மைல்ஸ் லாய்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1980-இல் கணக்கிட்டுக் காட்டினார். நமக்கு மின்சாரம் வேண்டாம், பலகை நகர்ந்தால் போதும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

வர்க்கக் கணக்கின் மறுபக்கம், திடீரென்று வலுத்து அடிக்கும் வீச்சுக்காற்று. மணிக்கு 15 கிலோமீட்டராக இருந்த காற்று 21 ஆனால் நம் கன்னத்துக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியாது, பட்டத்தின் இழுவையோ இரு மடங்காகிவிடும். “நல்லா காத்தடிக்குது, இன்னிக்கு விடலாம்” என்று நண்பர்கள் கூப்பிடும் நாளில்தான் நான் பெரும்பாலும் பட்டத்தைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பட்டம் ஒரு சிறகு, சிறகின் விசை உணர்காற்றைப் பொறுத்தது, உணர்காற்றின் பெரும்பங்கைப் பட்டமே தன் பாய்ச்சலால் உண்டாக்கிக்கொள்கிறது. அப்படியானால் பட்டம் எங்கே பாயும், எங்கே சும்மா நிற்கும் என்ற கேள்வி எழுகிறது.

காற்றுச் சாளரம்

காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து, அதை நடுவே செங்குத்தாகப் பிளந்து, ஒரு பாதியை உங்கள் முன்னால் வைத்திருப்பதாகவும், பிளந்த வாயின் நடுவில் நீங்கள் நிற்பதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். நூலின் நீளம் 25 மீட்டர் என்றால் அந்தக் கூடையின் ஆரமும் 25 மீட்டர். பட்டம் எப்போதும் இந்த அரைக்கூடையின் உட்பரப்பில்தான் திரியும். உங்களுக்குப் பின்னால், அதாவது காற்று வரும் பக்கம், அது போக முடியாது. இந்தப் பரப்பையே பட்டக்காரர்கள் விண்ட் விண்டோ என்கிறார்கள். நாம் காற்றுச் சாளரம் என்போம்.

சாளரத்தில் இடம் சொல்லக் கடிகாரம் உதவுகிறது. தலைக்கு நேர் மேலே 12 மணி, இடக்கைப் பக்கம் தரையோரம் 9, வலக்கைப் பக்கம் 3. இந்த மூன்றையும் இணைக்கும் வளைவு சாளரத்தின் விளிம்பு, அதாவது பிளந்த கூடையின் வாய். உங்கள் நேர் எதிரே, காற்று போகும் திசையில், தரையில் இருந்து கொஞ்சம் உயரத்தில் இருப்பது சாளரத்தின் நடு. அதை இழுவை மையம் என்று அழைக்கலாம்.

பட்டம் தானாகவே விளிம்பை நோக்கி ஓடும் இயல்புடையது. அது ஒரு சிறகு, முன்னேறிக்கொண்டே இருக்க விரும்பும், நூல் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுவை மையத்தில் இருக்கும் பட்டத்துக்கு ஓட நிறைய இடம் உண்டு, ஆகவே அங்கே அது வேகமெடுக்கிறது, உணர்காற்று பெருகுகிறது, இழுவை எகிறுகிறது. விளிம்பை எட்டியதும் அதற்கு மேல் போக இடமில்லை. அங்கே நிற்கும், உணர்காற்று வீசும் காற்றின் அளவுக்குச் சுருங்கும், நூலில் குடம் தண்ணீரின் கனம் மட்டும் மிஞ்சும். ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் இது பிடிபடும். இரு கோடியிலும் ஊஞ்சல் ஒரு கணம் நிற்கிறது, நடுவில்தான் முழு வேகம். குறுக்கே புகுந்த குழந்தையை ஊஞ்சல் தள்ளிவிடுவதும் நடுவில்தான்.

என் அக்கா மகனுக்கு இந்தப் பாடம் வயிற்றில் எழுதப்பட்டது. வீட்டுப் பட்டத்தை ஏற்றும்போது ஒருவர் காற்றுப் போகும் திசையில் தள்ளி நின்று பட்டத்தைத் தூக்கிப் பிடிப்பார், நூல்காரர் ஒரு சுண்டு சுண்டுவார். அதே பழக்கத்தில் அவன் பட்டத்தைத் தனக்கு நேர் எதிரே விரிக்கச் சொல்லி, காற்று கொஞ்சம் ஏறியிருந்த வேளையில் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தான். பட்டம் தரையை விட்டு எழுந்த இடமே இழுவை மையம். அது மேலே போவதற்குள் அவன் குப்புற விழுந்து, ஈர மண்ணில் நாலைந்து அடி தூரம் சறுக்கிப் போய்விட்டான். சட்டைப் பொத்தான் இரண்டைத் தேடியும் கிடைக்கவில்லை. காற்று மிக மெல்லியதாக இருக்கும்போது நேர் எதிரே வைத்து ஏற்றுவதில் ஆபத்தில்லை. காற்று சற்று வலுத்துவிட்டால் பட்டத்தை 9 அல்லது 3 மணிப் பக்கம், விளிம்பை ஒட்டி வைத்து, அங்கிருந்து விளிம்போடு மெதுவாக 12 மணிக்குக் கொண்டுவர வேண்டும்.

12 மணி முற்றிலும் பாதுகாப்பான இடம் என்பதும் பாதி உண்மைதான். அமைதியான சீரான காற்றில் பட்டம் தலைக்கு மேல் சாதுவாக நிற்கும். ஆனால் வீச்சுக்காற்று வந்தால் அங்கே இழுவை மேல்நோக்கி இருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் குதிகாலை ஊன்றி எதிர்க்கலாம். மேல்நோக்கி இழுத்தால் கால் தரையில் பதியாது, எதை ஊன்றுவது? ஆடு மேய்க்கும் பெரியவரின் அச்சம் முழுவதும் பொய்யல்ல என்று நான் சொல்வது இதனால்தான். சிறிய பட்டமும் மெல்லிய காற்றும் ஆளைத் தூக்காது. பெரிய பட்டத்தோடு வலுத்த காற்றில் நின்றவர்கள் தூக்கி எறியப்பட்டு எலும்பு முறிந்ததும் உயிரிழந்ததும் இந்த விளையாட்டில் நடந்திருக்கின்றன.

நான்கு நூலும் பூம்பாறைத் தேரும்

வீட்டுப் பட்டத்துக்கு ஒரு நூல் போதும். இழுவைப் பட்டத்துக்கு வழக்கமாக நான்கு. ஒவ்வொரு கைப்பிடியின் மேல்முனையிலிருந்தும் ஒரு நூல் பட்டத்தின் முன்பகுதியைத் தாங்குகிறது, கீழ்முனையிலிருந்து ஒரு நூல் பின்விளிம்புக்குப் போகிறது. முன்னவை இழுவை நூல்கள், பின்னவை தடை நூல்கள்.

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் ஓடும் தேர் என்பதால் அதற்கு முன்னும் வடம் உண்டு, பின்னும் வடம் உண்டு. முன்வடக்காரர்கள் இழுக்கிறார்கள், பின்வடக்காரர்கள் தேர் தறிகெட்டு ஓடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். தடை நூலை இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு கீழே மடங்குகிறது, பட்டம் வேகம் குறைகிறது. ஒரு கையின் தடையை மட்டும் இழுத்தால் பட்டம் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டையும் ஆழமாக இழுத்துப் பிடித்தால் பட்டம் பறப்பதையே நிறுத்திவிட்டுப் பின்னோக்கி இறங்கித் தரையில் உட்காரும்.

அவசரத்தில் காப்பாற்றுவதும் இந்தத் தடை நூல்தான். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டி, அவற்றில் இருந்து ஒவ்வொரு வாரைத் தடை நூலின் முனையில் இணைத்திருப்பார்கள். கைட் கில்லர் என்று இதற்குப் பெயர். கைப்பிடிகளை முழுவதுமாக விட்டுவிட்டால் இழுவை நூல்கள் தளர்ந்து, முழு இழுப்பும் தடை நூலுக்குப் போய், பட்டம் கந்தல் துணியைப் போல மடங்கி விழும். பட்டம் பறந்தும் போகாது, உங்களை இழுக்கவும் செய்யாது.

இதைத்தான் புதியவர்கள் மிகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். பழைய பட்டம் ஒன்றை வாங்கியபோது அதில் இந்த வார்கள் இல்லை. கைப்பிடி நழுவிவிடக் கூடாதே என்று நானே கயிற்றால் கைப்பிடிகளையே மணிக்கட்டோடு கட்டிக்கொண்டேன். அதாவது முன்வடத்தை என் உடம்போடு முடிச்சுப் போட்டு, பின்வடத்தை அறுத்துவிட்டேன். வீச்சுக்காற்று வந்தபோது விடுவதற்கு வழியே இருக்கவில்லை. முழங்கால் சிராய்ப்போடு தப்பியதற்குக் காரணம் என் திறமையல்ல, பட்டம் பக்கத்து வேலியில் போய்ச் சிக்கியதுதான்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குப் பயன்படுவது டைனீமா போன்ற மெல்லிய, மிக வலுவான இழை. மாஞ்சா அல்ல. கண்ணாடித்தூள் பூசிய நூலுக்கும் செயற்கை இழை மாஞ்சாவுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை விதித்தது. ஆனால் மாஞ்சா பூசாத நூலும் முப்பது கிலோ இழுவையில் விறைத்து நிற்கும்போது கத்திதான். பறக்கும் பட்டத்தின் நூலை வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. ஆடும் நாயும் குழந்தையும் உங்களுக்கும் பட்டத்துக்கும் இடையே வரும் நிலையில் பட்டத்தை ஏற்றவும் கூடாது.

பலகை காற்றோடு போகாதா?

பட்டம் காற்று போகும் திசையில் இழுக்கிறது, ஆகவே பலகையும் அங்கேதான் போகும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் லேண்ட்போர்டு ஓட்டுகிறவர் பெரும்பாலும் காற்றுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் போய் வருகிறார். தேர்ந்தவர் சற்றுக் காற்றை எதிர்த்தும் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்.

பழம் விற்கும் தள்ளுவண்டியின் முன்பக்கம் ஒரு கயிற்றைக் கட்டி, நேர் முன்னால் நிற்காமல் ஓரமாகச் சாய்ந்து நின்று இழுத்துப் பாருங்கள். வண்டி உங்களை நோக்கிச் சாய்வாக வராது. சக்கரம் எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம், நேராகப் போகும். உங்கள் இழுப்பில் சக்கரத்தின் போக்கில் இருக்கும் பங்கு வண்டியை நகர்த்துகிறது, பக்கவாட்டில் இருக்கும் பங்கைத் தரையின் உராய்வு விழுங்கிவிடுகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால், அழுத்திய திசையில் போகாமல் முன்னே துள்ளிக் குதிப்பதும் இதே கணக்குதான்.

லேண்ட்போர்டில் நிற்பவர் பலகையைக் காற்றுக்குக் குறுக்கே வைத்து, பட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குதிகாலில் சாய்ந்து நிற்கிறார். அந்தச் சாய்வால் டயர்கள் பக்கவாட்டில் வழுக்காமல் தரையைப் பற்றுகின்றன. பட்டம் 10 மணிப் பக்கம் இருந்தால் பலகை இடப்பக்கம் உருளும், 2 மணிப் பக்கம் இருந்தால் வலப்பக்கம். காற்று போதாமல் இழுவை சோர்ந்தால் பட்டத்தைப் படுக்கவைத்த எட்டு வடிவில் மேலும் கீழுமாகப் பாயவிட்டு உணர்காற்றைப் பெருக்கிக்கொள்வார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றோடு சேர்ந்து நேராக ஓடினால் இழுவை கூடும் என்று தோன்றும், நடப்பதோ தலைகீழ். காற்று போகும் வேகத்தில் நீங்களும் போனால் பட்டத்துக்கு உணர்காற்றே இருக்காது, நூல் தொய்ந்து பட்டம் சோர்ந்து விழும். குறுக்கே போகிறவருக்கு உணர்காற்று குறைவதில்லை என்பதால், அவர் வீசும் காற்றைவிட வேகமாகவும் போக முடியும். காற்றே இழுக்கும்போது காற்றை எப்படி மிஞ்ச முடியும் என்று கேட்பவர்களிடம் உடுமலைக் காற்றாலையின் இறக்கை நுனியை மறுபடி நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சுருக்கமாக, பட்டத்தின் இடம் இழுவையின் அளவையும் திசையையும் தீர்மானிக்கிறது, பலகையின் சாய்வு அந்த இழுவையில் எந்தப் பங்கு பயன்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. கைப்பலத்துக்கு இரண்டிலும் வேலையில்லை.

மலைக்காற்று ஏன் நம்பத்தகாதது?

இந்த விளையாட்டு வளர்ந்தது கடற்கரைகளில். அலை வற்றிய இறுகிய மணல், கடலின் மேல் தடையின்றி வரும் சீரான காற்று, பல நூறு மீட்டருக்கு மரமோ கம்பமோ இல்லாத வெளி ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன. பழனி மலையில் இவற்றில் ஒன்றுகூட எளிதில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

மழைக்குப் பிறகு ஓடையில் ஒரு பாறையைப் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் வழவழப்பாக வருகிறது, பாறைக்குப் பின்னால் சுழித்து, சில இடங்களில் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. குன்றும் யூகலிப்டஸ் தோப்பும் காற்றுக்கு அந்தப் பாறைதான். தடையின் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தூரம் வரையாவது காற்று கலங்கியிருக்கும் என்பது பட்டக்காரர்களின் கைக்கணக்கு. முப்பது மீட்டர் மரவரிசைக்குப் பின்னால் இருநூறு மீட்டருக்கு மேல் போனால்தான் காற்று தெளியும். பள்ளத்தாக்கின் விளிம்பு இன்னும் மோசம். சரிவில் மோதி மேலெழும் காற்று அங்கே பட்டத்தோடு ஆளையும் மேலே அழைக்கும். காட்சி அழகாக இருக்கிறது என்று மலை முனையில் பட்டம் விடுவதை எந்த நாளிலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

காற்றின் அடர்த்தியும் இங்கே வேறு. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் காற்று கடற்கரையைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இலேசானது, அதனால் அதே வேகக் காற்றில் அதே பட்டம் அந்த அளவுக்குக் குறைவாகவே இழுக்கும். இதைக் கேட்டுப் பெரிய பட்டம் வாங்கப் போகிறவர்கள், வர்க்கக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று பத்தில் ஒரு பங்கு வேகம் ஏறினால் போதும், இழந்த இழுவை ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். மலையில் காற்று அந்த அளவு ஏறி இறங்க அரை நிமிடம் ஆகாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே பட்டத்துக்கு ஆகாத வலுவில் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் மழை. பனிமூட்டம் இறங்கும் நாளில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள பட்டமே கண்ணுக்குத் தெரியாது என்பதோடு, ஈரமான நூல் மின்கம்பி அருகே போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பி கண்ணில் படும் இடத்தில் பட்டத்தை விரிக்காமல் இருப்பதே நல்லது. எங்களுக்குக் கிடைப்பது ஜனவரிக்குப் பின் வரும் சில மாதங்களின் காலைப் பொழுதுகள்தான். புல்வெளிகள் பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. சோலையை ஒட்டிய அந்தப் புல்லில் அனுமதியின்றிச் சக்கரம் உருட்டுவது சட்டப்படியும் தவறு, புல்லுக்கும் கேடு. படபடக்கும் துணியைக் கண்டு மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தொடங்குகிறவர் என்ன செய்யலாம்?

பலகையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் சில வாரங்கள் பட்டம் மட்டும். இரண்டு அல்லது மூன்று சதுர மீட்டர் போதும், மணிக்கு 15 கிலோமீட்டரை ஒட்டிய காற்று போதும். உள்ளங்கையில் அடங்கும் காற்றுமானி ஒன்றை வாங்குவது பெரிய பட்டம் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. தரையில் காற்று மெல்லியதாகத் தெரிந்தாலும் இருபது மீட்டர் உயரத்தில் அது கூடுதலாகவே இருக்கும் என்பதால், மரத்தின் உச்சிக் கிளைகளையும் ஒரு நோட்டம் விடுங்கள். தலைக்கவசமும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளும் பட்டம் மட்டும் விடும் நாளிலும் வேண்டும்.

பட்டத்தை விளிம்போடு 9-லிருந்து 12-க்கும், 12-லிருந்து 3-க்கும் பார்க்காமலே கொண்டுபோக வரும்வரை பலகையைத் தொட வேண்டாம். ஓட்டும்போது கண் முன்னால் உள்ள தரையைப் பார்க்க வேண்டியிருக்கும், பட்டத்தை அல்ல. தனியாகவும் போக வேண்டாம். அதன்பின், ஒவ்வொரு வருகையிலும் முதல் வேலையாகக் கைப்பிடிகளை வேண்டுமென்றே விட்டுப் பழகுங்கள். வாயால் சொல்வதற்கு எளிதான இது, செய்வதற்கு மிகக் கடினம். இழுக்கும் பொருளை இறுகப் பிடிப்பதுதான் கையின் பிறவிக்குணம். வீட்டுப் பட்டம் விட்டு வளர்ந்தவர்களுக்கோ நூலை விடுவது என்றால் பட்டத்தை எதிரியிடம் பறிகொடுப்பது என்று பொருள்.

மருமகனுக்கு இது மூன்றாம் வாரத்தில்தான் வந்தது. காற்று திடீரென்று ஏறியது, பட்டம் நடுச்சாளரத்துக்குள் சரிந்தது, அவன் ஓரடி முன்னால் இழுபட்டான், உடனே பத்து விரலையும் விரித்தான். பட்டம் சரசரவென்று மடங்கிப் புல்லில் விழுந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, “அறுந்துபோச்சா தம்பி?” என்றார்.

“இல்லைங்க ஐயா, நான்தான் விட்டுட்டேன்” என்றான் அவன், மணிக்கட்டில் தொங்கிய வாரைப் பிடித்து நூலைச் சுற்றிக்கொண்டே.